ரேடியோ நெல்லும் வெபினார் சான்றிதழும்

கல்லூரி மாணவர்களுக்கான இணையவழிக் கருத்தரங்கு, வல்லுநர் உரை, வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டம் ஆகிய மூன்றும் 2020 மார்ச் ஊரடங்கை ஒட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவின. ஊரடங்கு போன பின்னும் அவை போகவில்லை. வரும் வாரம் யார் பேசுகிறார், எத்தனை மணிக்கு, எந்த இணைப்பில் என்று அறிவிக்கும் படங்கள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் வந்து விழுகின்றன. இவற்றைப் பற்றிக் கல்வி நிர்வாகிகளிடமும் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களிலும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது: சென்னை மாணவருக்குக் கிடைப்பது இனித் திருக்காட்டுப்பள்ளி மாணவருக்கும் கிடைக்கும், தூரம் ஒழிந்தது, செலவில்லை, சான்றிதழும் வருகிறது, இத்தனைக்குப் பிறகும் ஒருவர் முன்னேறவில்லை என்றால் குறை அவருடைய ஆர்வத்தில்தான். தூரம், செலவு, சான்றிதழ், ஆர்வம் என்னும் நான்கு கால்களில் நிற்கும் இந்த வாதம் நான்கிலும் ஆட்டம் காண்கிறது.

திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் பகுதி. சுற்றிலும் நெல்லும் வாழையும். ரயில் ஏற வேண்டுமானால் பூதலூர் போக வேண்டும். கல்லூரிக்குத் தஞ்சாவூர், திருவையாறு, திருச்சி என்று பேருந்து பிடிக்க வேண்டும். இந்த வட்டாரத்திலிருந்து பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கச் செல்பவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். தூரம் ஒழிந்தது என்ற வாதம் இவர்களை முன்னிறுத்தித்தான் சொல்லப்படுகிறது. ஆகவே அதைச் சோதிக்கவும் இவர்களே சரியான அளவுகோல்.

முதலில் தூரம். இணையவழி வேலைவாய்ப்புக் கூட்டம் நடக்கும் விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. துறைத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் படம் ஒன்றைப் போடுகிறார்; கீழே 'அனைவரும் கட்டாயம் பதிவு செய்யவும்' என்று இருக்கும். கூகுள் படிவத்தில் பெயர், பதிவு எண், மின்னஞ்சல். குறித்த நேரத்துக்குச் சற்றுப் பின்னால் கூட்டம் தொடங்குகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முதல்வர் வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் என்று கால் மணி நேரத்துக்கு மேல் கழிகிறது. விருந்தினர் 'கேட்குதா, ஸ்கிரீன் தெரியுதா' என்று இரண்டு முறை விசாரித்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்குகிறார், நடுநடுவே தமிழ். மாணவர்களின் மைக் அணைக்கப்பட்டிருக்கிறது. சாட் பெட்டியில் வருவது கேள்வி இல்லை, வருகைப் பதிவு: பதிவு எண்ணும் 'பிரசன்ட் சார்' என்ற வரியும் மேலேறிக்கொண்டே போகின்றன. நேரமின்மையால் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்ற அறிவிப்பு. நன்றியுரையின்போது பின்னூட்டப் படிவத்தின் இணைப்பு வருகிறது. அதை நிரப்பியவருக்குச் சான்றிதழ் தானாக வந்து சேர்கிறது.

இதில் பேச்சு மட்டும் தூரத்தைக் கடந்தது. நகரத்து மாணவரை முன்னே தள்ளுவது பேச்சு அன்று. பேச்சு முடிந்து மேடையிலிருந்து இறங்கும் விருந்தினரை நிறுத்திக் கேட்கும் இரண்டு நிமிடம், அதே நிறுவனத்தில் சேர்ந்துவிட்ட மூத்த மாணவர், பக்கத்து வீட்டில் இருக்கும் அந்தத் துறைக்காரர், இவைதான் அவருடைய மூலதனம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் நிறுவியது. வேலை பற்றிய தகவல் நெருங்கிய உறவினரை விட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர் வழியாகவே அதிகம் வருகிறது. ஏனெனில் நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இல்லாதது அந்த அறிமுகம். மைக் அணைக்கப்பட்ட கூட்டம் ஒரே ஒரு அறிமுகத்தைக்கூடத் தருவதில்லை. ஐந்நூறு பேர் கேட்ட உரையில் விருந்தினருக்கு ஒரு மாணவரின் பெயரும் தெரியாது.

இணையவழி உரையை ஆதரிப்பவர்கள் கையில் ஒரு வலுவான சான்று உண்டு. அது காவிரி டெல்டாவிலேயே இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் குரல் ஒரு வட்டாரத்தையே மாற்றும் என்பதற்கு ரேடியோ நெல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலக் குறுவை ரகத்தைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அதன் பெயரும் பக்குவமும் திருச்சி வானொலியின் வழியே அவர்களை எட்டியதுதான் காரணம். அங்கே பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு 1966இல் தொடங்கியது. இது நடந்தது உண்மை. வானொலியால் முடிந்தது செல்போனால் ஏன் முடியாது என்று கேட்பதும் நியாயம்.

விடை, அந்த வானொலிக்குப் பின்னால் இருந்தவற்றில் இருக்கிறது. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நடந்த இந்தத் திட்டத்தைப் 'பேக்கேஜ் திட்டம்' என்றே அழைத்தார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், பண்ணைத் திட்டம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தர வேண்டும் என்பது அதன் விதி. வானொலியில் ரகத்தின் பெயரைக் கேட்டவர் மறுநாள் காலையில் விதைக் கிடங்குக்குப் போனால் மூட்டை இருந்தது. பணம் இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் இருந்தது. சந்தேகம் வந்தால் கிராம சேவகர் சைக்கிளில் வந்து நாற்றங்காலைப் பார்த்தார். குறுவைக்குத் தண்ணீர் ஆற்றில் வந்தது. வானொலி அந்தக் கட்டின் ஒரு பகுதி. விதைக் கிடங்கு காலியாக இருந்திருந்தால் அந்த நெல்லுக்கு வானொலியின் பெயர் ஒட்டியிருக்காது.

இதை ஒரு ஆய்வும் உறுதிப்படுத்தியிருக்கிறது. 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் அன்றைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் பண்ணை வானொலி மன்றங்கள் சோதனையாக அமைக்கப்பட்டன. சுமார் 150 கிராமங்களில் மக்கள் குழுவாக அமர்ந்து கேட்டார்கள், கேட்டதை விவாதித்தார்கள், கேள்விகளை நிலையத்துக்கு எழுதினார்கள், பதில் அடுத்த ஒலிபரப்பில் வந்தது. சமூகவியலாளர் பால் நியூராத் இந்தக் கிராமங்களை, வானொலி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டார். மன்றம் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு தெளிவாக உயர்ந்தது. வெறும் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களில் அந்த அளவுக்கு உயரவில்லை. கருவி இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது கேட்பவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு.

இரண்டாவது கால், செலவில்லை என்பது. இணைய உரைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் கேட்பதற்குச் செலவு உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா கொண்ட இலவச அட்டைகளை அறிவித்தது. இணைய வகுப்புக்கு டேட்டா வாங்க முடியாத வீடுகள் இல்லை என்றால் அந்தத் திட்டத்துக்குத் தேவையே இருந்திருக்காது. ஏப்ரல் வரை என்று வரையறுக்கப்பட்ட அந்த ஏற்பாடு முடிந்த பிறகு செலவு மீண்டும் வீட்டின் தலையில் விழுந்தது, கூட்டங்களோ தொடர்ந்தன.

கருவியும் இதே கணக்கில் சேரும். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18), நாட்டின் கிராமப்புற வீடுகளில் 4.4 சதவீதத்தில் மட்டுமே கணினி இருப்பதாகவும் நகர்ப்புறத்தில் அது 23.4 சதவீதம் என்றும் காட்டியது. அதன் பிறகு செல்போனும் டேட்டாவும் பரவிவிட்டன. கணினி அந்த வேகத்தில் பரவவில்லை. செல்போனில் உரை கேட்கலாம். தன்விவரக் குறிப்பை ஒழுங்காக அமைப்பது, எக்செல் பழகுவது, நேரக் கட்டுப்பாட்டுடன் கணினித் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பது ஆகியவை ஐந்தாறு அங்குலத் திரையில் நடக்கிற காரியம் இல்லை. விருந்தினர் அடுக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அந்தத் திரைக்கு அப்பால் செய்ய வேண்டியவை.

நேரமும் செலவுதான். பேருந்தில் போய்த் திரும்பும் மாணவர் வீடு சேர மாலையாகிவிடும். பெண்ணாக இருந்தால் அடுக்களை வேலை காத்திருக்கும். நடவு, அறுவடைக் காலங்களில் வீட்டில் யாருக்கும் கை ஓயாது. மாலை ஏழு மணிக் கூட்டம் விடுதியில் இருப்பவருக்கு வசதியான நேரம். ஊரிலிருந்து போய்வருபவருக்கு அது அறிவிப்பில் மட்டுமே திறந்திருக்கும் கதவு.

மூன்றாவது கால், சான்றிதழ். 2020 மே முதல் தமிழ்நாட்டில் மின்சான்றிதழ் வெள்ளமாக ஓடியது. ஐந்தாறு கேள்விகளுக்குக் கூகுள் படிவத்தில் பதில் சொன்னால் போதும். பாதி சரியாக இருந்தால் வண்ணச் சான்றிதழ். உரையைக் கேட்காமலே பதில் சொல்லலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இவ்வளவு எளிதில் கிடைப்பதை வேலைக்கு ஆள் எடுப்பவர் மதிக்க மாட்டார் என்பது நடத்துபவர்களுக்கும் தெரியும். அப்படியானால் ஏன் நடத்துகிறார்கள்?

காரணம் கல்லூரியின் கோப்பில் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரமதிப்பு வழங்கும் நாக் அமைப்பு 2017இல் கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில், ஐந்தாண்டுகளில் எத்தனை கருத்தரங்குகள் நடந்தன, போட்டித் தேர்வு மற்றும் வேலைவாய்ப்பு வழிகாட்டலால் எத்தனை மாணவர்கள் பயனடைந்தனர் என்று எண்ணிக்கையாகக் கேட்கப்படுகிறது. சான்றாக அறிக்கை, வருகைப் பட்டியல், புகைப்படம் இணைக்க வேண்டும். நேரடிக் கூட்டத்துக்குப் பந்தல், ஒலிபெருக்கி, விருந்தினரின் பயணப்படி, சாப்பாடு என்று செலவு. இணையக் கூட்டத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். உள்நுழைந்த ஐந்நூறு பேரும் பயனடைந்தவர்களாகக் கோப்பில் ஏறுகிறார்கள். ஆக, இந்தக் கூட்டங்களால் உறுதியாகப் பயனடையும் தரப்பு ஒன்று உண்டு. அது மாணவர் தரப்பு இல்லை.

இதற்கு நேர்மாறாக, டெல்டா மாணவர் ஒருவருக்கு உண்மையிலேயே வேலை வாங்கித் தரக்கூடிய சான்றிதழ் ஒன்று இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது; பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அதற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் கல்லூரி முதல்வரிடமும் உரிய படிவத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஓர் ஊரில், உயர்நிலைப் பள்ளி வேறு ஊரில் என்று படித்தவருக்கு இது பல நாள் அலைச்சல். எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று மூன்றாம் ஆண்டிலேயே உட்காரவைத்துச் சொல்லி, படிவத்தை நிரப்பவைத்து அனுப்பும் அரை மணி நேரம், தலைமைத்துவம் பற்றிய பத்து உரைகளுக்குச் சமம். தேசிய அளவிலான இணையக் கருத்தரங்கில் இதைப் பேச முடியாது. ஹைதராபாத்திலிருந்து பேசும் மனிதவள மேலாளருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

உரைகளின் பொருளும் இதே திசையில்தான் விலகிப் போகிறது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், லிங்க்ட்இன் பக்கம் அமைப்பது, மென்திறன் என்று தலைப்புகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. வரலாறோ தமிழிலக்கியமோ வணிகவியலோ படிக்கும் மாணவர் வீட்டில் பேசப்படும் வேலைகள் வேறு: குரூப் 4, வங்கி, ரயில்வே, ஆசிரியர் தேர்வு, தட்டச்சர். 2022 குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை வைத்து இந்த ஆசைகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தப் போட்டியில் தோற்பவருக்கு அடுத்த வழி எது என்று சொல்லவும் உள்ளூர் அறிவு வேண்டும். தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தலுக்கென்றே மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. திருச்சியில் பெல் தொழிற்சாலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் இருக்கின்றன. பட்டதாரிகளுக்கான தொழில்பழகுநர் பயிற்சித் திட்டம் கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் உண்டு. எங்கே எந்தப் படிவம், எந்த மாதம் ஆள் எடுப்பு, போன வருடம் யார் போனார்கள் என்ற தகவல்தான் இங்கே விதை நெல்.

நான்காவது கால், ஆர்வம். வாய்ப்பைக் காலடியில் கொண்டுவந்து வைத்தாலும் எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு டெல்டா மாணவர்மீது மட்டும் சுமத்தக்கூடியது இல்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய இலவச இணையப் படிப்புகளில் 2017–18இல் பதிவு செய்தவர்களில் 3.13 சதவீதம் பேரே முடித்தார்கள் என்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. உலகெங்கும் இருந்து தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள் அவர்கள். அதே இதழில் 2015இல் வந்த மற்றொரு ஆய்வு, அமெரிக்க மாணவர்களில் வசதியான பகுதிகளில் வசிப்பவர்களே இந்தப் படிப்புகளை அதிகம் பயன்படுத்தியதைக் கண்டது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் இல்லாதவர் எடுத்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு அங்கேயே பொய்த்தது. நூறில் ஒருவர் பயனடைந்தாலும் லாபம்தானே என்ற சமாதானமும் இதனால் வலுவிழக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே வழிகாட்ட ஆள் உள்ளவர்.

இந்த மறுப்புக்கு எதிராக இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். ஒன்று, நேரடிக் கூட்டங்களும் பொன்னாடை, நினைவுப் பரிசு, நீண்ட அறிமுகம் என்று வீணாகவே போயின என்பது. அது முழுக்க உண்மை. ஆனால் அது இணையக் கூட்டத்துக்கு ஆதரவான வாதம் ஆகாது. எதிர்ப்பு திரைக்கு இல்லை. பின்னால் கிடங்கு இல்லாத பேச்சுக்கு. இரண்டாவது, இணையத்தால் நடந்த நன்மைகள். அவையும் உண்மை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் வாரந்தோறும் பயிற்சி எழுதி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அந்தச் சான்றிதழை மதிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள் ஸ்வயம் இணையதளத்தில் வரும் இத்தகைய பாடங்களிலிருந்து 40 சதவீதம் வரை மதிப்பெண் புள்ளிகளைப் பட்டத்தில் சேர்க்கவும் இடம் தருகின்றன. 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் பயன் தரும் பகுதி எது என்று பார்த்தால் இதுவே தெரியும். அதன்கீழ் மத்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேர் மதிப்பீட்டுத் தேர்வு வழியே தேர்ந்தெடுக்கப்பட்டு மாதம் 7,500 ரூபாய் பெறுகிறார்கள். உரை கேட்கச் சொல்வதோடு நிற்காமல், படிக்கும் காலத்துச் சோற்றுக்கும் வழி செய்யும் ஏற்பாடு அது.

நிறுவனம் கட்டுவதற்கும் உரை ஆற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் திருக்காட்டுப்பள்ளி நூற்றாண்டுக்கு முன்பே அறிந்த ஊர். பக்கத்துப் பழமானேரியைச் சேர்ந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயர் 1916 முதல் 1918 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், பின்னர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். அவர் தம் ஊர் மாணவர்களுக்கு உரைகளை அனுப்பி வைத்திருக்கலாம். அவர் தன் சொத்தைக் கொடுத்தது பள்ளிக்கூடத்துக்கு. அவர் பெயரிலான மேல்நிலைப் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது.

ஆகவே வரவிருக்கும் ஓர் இணையக் கூட்டம் பயனுள்ளதா என்று அறிய விருந்தினரின் பதவியைப் பார்க்க வேண்டியதில்லை. சில கேள்விகள் போதும். கூட்டம் முடிந்த மறுநாள் மாணவர் யாரிடம் போய் நிற்பார்? விண்ணப்பிக்க வேண்டிய இடம், தேதி, படிவம் தரப்படுகின்றனவா? மாணவர்கள் முப்பது நாற்பது பேராக இருந்து வாய் திறந்து கேட்க முடியுமா, தமிழில் கேட்கலாமா? கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், வகுப்பு நேரத்தில், ஓர் ஆசிரியரோடு கூட்டாக அமர்ந்து பார்க்க ஏற்பாடு உண்டா? தஞ்சாவூரில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், அதன் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நடக்கும் இலவசப் பயிற்சி, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் ஆகியவற்றோடு கூட்டத்துக்குத் தொடர்பு இருக்கிறதா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்றால் உரை எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி. இல்லை என்றால் அது கோப்புக்கான கூட்டம்.

அளவுகோலும் அதற்கேற்ப மாற வேண்டும். எத்தனை கூட்டம், எத்தனை பேர் உள்நுழைந்தனர் என்ற கணக்குக்குப் பதிலாக, அந்தக் கூட்டத்துக்குப் பின் ஆறு மாதத்தில் எத்தனை பேர் எதற்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கல்லூரிகள் எழுதிக் காட்டட்டும். அந்தக் கணக்கைக் கேட்கத் தொடங்கிய நாளே கூட்டங்களின் எண்ணிக்கை குறையும். மிஞ்சி நிற்பவை மாணவருக்கு உதவும்.